பாராமுகமும் பாதங்களும்: வறுமையில் நிற்கும் பெண்ணைச் சினிமா எப்படிப் பார்க்கிறது?

தமிழில் பாராமுகம் என்று ஒரு சொல் இருக்கிறது. பார்க்காத முகம். எதிரே ஒருத்தி நிற்பது தெரியும், ஆனாலும் கண் அந்தப் பக்கம் போகாது. திட்டு கிடையாது, அடி கிடையாது, விரட்டல்கூடக் கிடையாது. ஏழைப் பெண்களைப் பற்றிய நல்ல படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சொல்லைத்தான்.

காரணம், அந்தப் படங்களை எடுப்பவர்களின் பெரிய சிக்கலே இதுதான். வறுமையைக் காட்டிவிடலாம். ஒழுகும் கூரை, காலிப் பானை, ஒட்டுப் போட்ட புடவை, போதும். ஆனால் ஊர் அவளைக் கண்டுகொள்ளவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? அது ஒரு செயலே இல்லையே. யாரும் எதுவும் செய்யாமல் இருப்பதைக் கேமராவில் பிடிக்க முடியுமா?

பழைய வழி ஒன்று உண்டு. அந்தப் பாராமுகத்துக்கு ஓர் ஆளின் முகத்தை மாட்டிவிடுவது. வட்டிக்காரர், பண்ணையார், மில் முதலாளி. 1957-ல் வந்த மெஹபூப் கானின் 'மதர் இந்தியா'வில் ராதாவாக நடித்த நர்கீஸ் படும் பாட்டில் பெரும்பகுதி, சுக்கிலாலா என்ற வட்டிக்காரரின் கணக்குப் புத்தகத்திலிருந்து வருகிறது. இந்த வழியை நான் மட்டமாக நினைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கி நிலத்தைச் சுருட்டியவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். ஆனால் இதில் பார்க்கிற நமக்கு ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. வில்லன் விழுந்ததும் மனசு லேசாகிவிடும். தியேட்டர் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்க்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். தப்பு செய்தவன்தான் தண்டனை வாங்கிவிட்டானே.

அப்படி ஒரு வில்லனே இல்லாத படம் என்ன செய்யும்?

அறுந்த செருப்பு

ரித்விக் கட்டக் 1960-ல் எடுத்த வங்காளப் படம் 'மேகே தாகா தாரா'. மேகம் மூடிய நட்சத்திரம் என்று பொருள். பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை விட்டு வந்து, கல்கத்தாவின் ஓரத்தில் அகதிகள் குடியிருப்பில் வாழும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் குடும்பம். மூத்த மகள் நீதா. சுப்ரியா சௌத்ரி நடித்தார். படித்துக்கொண்டே டியூஷன் எடுக்கிறாள். பணம் கைக்கு வந்ததும் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள். கொடுக்கிறாள். அவள் தெருவில் நடந்து வரும்போது செருப்பு வார் அறுந்துவிடுகிறது. நின்று பார்க்கிறாள், மறுபடி நடக்கிறாள்.

இந்தப் படத்தை என் அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். அத்தை இருபது வருடம் வேலைக்குப் போய் என் அப்பாவையும் சித்தப்பாக்களையும் படிக்க வைத்தவர். வங்காளம் தெரியாது என்பதால் வசனத்தைப் பக்கத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். செருப்பு அறுந்த இடத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அத்தைதான் சொன்னார்: "ஒரு ஊக்குகூடவா இல்ல அவகிட்ட? நான் வளையல்லயே ரெண்டு மாட்டி வச்சிருப்பேன்." வாரில் ஊக்கைக் குத்தி, அது பாதத்தில் உரசாமல் இருக்க விரலை மடக்கி வைத்து எப்படி நடப்பது என்று எழுந்து நடந்தும் காட்டினார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாத விஷயம் அது. இருபது வருடமாக அவர் காலை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

கட்டக்கின் படம் சொல்வதும் இதைத்தான். நீதாவைச் சுரண்டுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளை நேசிக்கிறவர்கள்தான். அண்ணன் சங்கர் பாடகனாக வேண்டும் என்று கனவு காண்கிறான், அது நல்ல கனவு. அம்மா கடுகடுப்பானவள், ஆனால் அன்றைய உலையில் போட அரிசி வேண்டுமே என்ற கவலைதான் அந்தக் கடுகடுப்பு. நீதா காதலிக்கும் சனத் அவளை விட்டுவிட்டு அவள் தங்கையையே கட்டிக்கொள்கிறான். அம்மா அதைத் தடுப்பதில்லை. சம்பாதிக்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டால் சோறு யார் போடுவது? இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நீதாவும் சனத்தும் பேசுவதை அம்மா ஒட்டுக்கேட்கும் இடத்தில் கட்டக் அடுப்பில் கொதிக்கும் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். வீட்டின் பசி நமக்குக் காதில் கேட்கிறது. பிறகு சனத்தின் அறையில் இன்னொரு பெண் இருப்பதை அறிந்து நீதா படியிறங்கும்போது சாட்டை சொடுக்கும் சத்தம் வருகிறது. திரையில் சாட்டை எதுவும் இல்லை. அடிக்கிற கை இல்லாமலே அடி விழுகிறது. பாராமுகத்தைச் சினிமா எப்படிக் காட்டும் என்ற கேள்விக்கு ஒலியால் கிடைத்த பதில் அது.

நீதாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் அப்பா விரலை நீட்டி, ஆங்கிலத்தில், நான் குற்றம் சாட்டுகிறேன் என்கிறார். யாரை என்று கேட்டால், யாரையும் இல்லை என்கிறார். எனக்குத் தெரிந்து இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் சாவி அந்த இரண்டு வரிதான்.

கடைசியில் ஷில்லாங் மலையில் ஒரு சானடோரியம். பார்க்க வந்த அண்ணன், தங்கை குழந்தையின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நீதா சட்டென்று கதறுகிறாள்: அண்ணா, நான் வாழணும்னு ஆசைப்பட்டேன். மலையெல்லாம் அந்தக் குரல் எதிரொலிக்கிறது. படம் அதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டு எழுந்து போயிருப்போம். ஆனால் ஊர் திரும்பிய சங்கர் தெருவில் நிற்கும்போது வேறொரு பெண் நடந்து போகிறாள். அவள் செருப்பும் அறுகிறது. அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நடக்கிறாள்.

தமிழில் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) இந்தப் படத்துக்கு நெருங்கிய உறவு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். சுஜாதா நடித்த கவிதாவும் சம்பாதித்துக் குடும்பத்தைச் சுமப்பவள்தான். கல்யாணம் கைகூடி வரும் நேரத்தில் அதை விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறவள். ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீதா பொறுத்துப் போவாள், கவிதா வெடுக்கென்று பேசுவாள். குடித்துவிட்டு வரும் அண்ணனைத் தூக்கி எறிந்து பேசுவாள், வீடே அவளுக்குப் பயப்படும். அந்தக் கோபத்தை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கஷ்டப்படுகிற பெண் என்றால் வாய் திறக்காத தெய்வமாக இருக்க வேண்டும் என்று நம் படங்கள் வெகுகாலம் பழக்கி வைத்திருந்தன. சுமக்கிறவளுக்கு எரிச்சல் வரும், அது நியாயமானது என்று 1974-லேயே காட்டினார்கள்.

முதுகுக்குப் பின்னால் நிற்கும் கேமரா

இனி கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கலாம். படம் பார்க்கப் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றில் இதுதான் முக்கியம். ஏழையை மேலிருந்து பார்த்தால் பரிதாபம் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் அவர் கூட்டத்தில் ஒருவர். ஓடுகிறவளோடு கேமராவும் ஓடினால்?

பெல்ஜியத்தின் ழான்-பியர் தார்தென், லுக் தார்தென் சகோதரர்கள் எடுத்த 'ரோஸெட்டா' 1999-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. அதில் நடித்த எமிலி தெக்கெனுக்கு அதுதான் முதல் படம். சிறந்த நடிகை விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. கதை நடப்பது லியேஜ் நகரை ஒட்டிய செரேன் என்ற ஊரில். ஒரு காலத்தில் இரும்பாலைகளால் செழித்து, பிறகு அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டு வேலையில்லாமல் போன ஊர்.

படம் தொடங்கும்போதே ரோஸெட்டா விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கிறாள். நமக்குத் தெரிவது முதுகும் பிடரியும்தான். கேமரா கையில் பிடித்தது, குலுங்குகிறது, அவள் கதவை அறைந்து சாத்தினால் நம் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. தற்காலிக வேலைக் காலம் முடிந்துவிட்டது, போ என்று சொல்லிவிட்டார்கள். அவள் போக மறுக்கிறாள். ஆட்கள் வந்து பிடித்து இழுக்கிறார்கள். இது எதற்கும் பின்னணி இசை கிடையாது. இப்போது அழு என்று சொல்ல வயலின் வராது.

குடிக்கு அடிமையான அம்மாவோடு அவள் வசிப்பது ஊருக்கு வெளியே வண்டி வீடுகள் நிற்கும் ஒரு முகாமில். தினமும் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, காட்டு வழியாக நுழைகிறாள். அங்கே ஒரு குழாய்க்குள் ரப்பர் பூட்ஸை ஒளித்து வைத்திருக்கிறாள். வேலைக்குப் போடும் ஷூவைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு, சேற்றில் நடக்க பூட்ஸை மாட்டிக்கொள்கிறாள். படம் முழுக்க இந்த மாற்றல் திரும்பத் திரும்ப வருகிறது. வேறு ஓர் இயக்குநராக இருந்தால் ஒருமுறை காட்டிவிட்டு விட்டிருப்பார். இவர்கள் விடுவதில்லை. அந்த ஷூ ஒன்றுதான் அவளை "வேலைக்குப் போகிற பெண்" ஆக்குகிறது. அதில் சேறு பட்டுவிட்டால் அவள் முகாமிலிருந்து வருகிறவள் என்று தெரிந்துவிடும்.

அடிவயிற்று வலி வந்தால் மாத்திரை இல்லை, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றை வயிற்றில் பிடித்துக்கொள்கிறாள். பாட்டிலைத் தூண்டிலாக்கி மீன் பிடிக்கிறாள். அம்மா தைத்துக் கொடுக்கும் பழைய துணிகளைக் கொண்டுபோய் விற்கிறாள். இரவல் வாங்குவதோ இனாமாக வாங்குவதோ அவளுக்குப் பிடிக்காது. வாஃபிள் என்ற இனிப்புப் பண்டம் விற்கும் கடையில் வேலை கிடைத்த இரவு, தூங்கும் முன் தனக்குத்தானே கிசுகிசுக்கிறாள்: உன் பெயர் ரோஸெட்டா, என் பெயர் ரோஸெட்டா. உனக்கு வேலை கிடைத்துவிட்டது, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அவளுக்கு "நீ" சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு பக்கத்தையும் அவளே பேசிக்கொள்கிறாள்.

அந்த வேலையும் போகிறது. முதலாளி கொடியவர் இல்லை. தன் மகனுக்கு இடம் வேண்டும் என்கிறார். அவள் மாவு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அப்புறம் அவள் ஒரு காரியம் செய்கிறாள். தன்னிடம் நட்பாக இருந்த ரிக்கே என்ற பையன் கள்ளத்தனமாகச் சொந்த வாஃபிள் விற்பதை முதலாளியிடம் காட்டிக்கொடுத்து, அவன் இடத்தைப் பிடிக்கிறாள்.

இங்கேதான் பலருக்கு அவள்மேல் கோபம் வரும். வர வேண்டும். ஏழைப் பெண் நல்லவளாக இருந்தால்தான் நம் இரக்கம் அவளுக்கு உண்டு என்று நாம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். தார்தென் சகோதரர்கள் அந்த நிபந்தனையை உடைக்கிறார்கள். ஒரே ஒரு நாற்காலி, நிற்கிறவர்கள் இரண்டு பேர் என்றால் ஒருவர் மற்றவரைத் தள்ளித்தான் உட்கார முடியும். நாற்காலியை ஒன்றாகக் குறைத்தது யார் என்பதுதான் கேள்வி. நீதாவின் அப்பா சொன்ன பதில்தான் அதற்கும்.

இந்தப் படத்தின் பெயரால் பெல்ஜியத்தில் இளைஞர் வேலைத் திட்டம் ஒன்று வழங்கியது. குறைந்தது ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட பங்கு இளைஞர்களை எடுக்க வேண்டும் என்று 2000-ல் நடைமுறைக்கு வந்தது. படத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்வார்கள். உண்மையில் அது ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது, படம் அதற்குப் பெயரைக் கொடுத்தது.

ஒரு காலை நேரம், ஒரு டப்பா

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வித்தோரியோ தெ சிக்காவின் இத்தாலியப் படம் 'உம்பெர்த்தோ தி' (1952) ஓய்வூதியம் போதாத ஒரு முதியவரின் கதை. அதில் மரியா என்ற வேலைக்காரப் பெண் வருகிறாள். கர்ப்பமாக இருக்கிறாள், பொறுப்பேற்க ஆளில்லை. ஒரு விடியற்காலை எழுந்து சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகள்மேல் தண்ணீர் அடிக்கிறாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டே, எழுந்திருக்காமல் காலை நீட்டி, கால் நுனியால் கதவைத் தள்ளிச் சாத்துகிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, கை அரைப்பதை நிறுத்தவில்லை. கதைக்கு இதில் எதுவுமே தேவையில்லை. ஆனாலும் இயக்குநர் இத்தனையையும் பொறுமையாகக் காட்டினார். அந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்திருக்க மாட்டார்கள். கேமரா பார்த்தது. சினிமாவால் செய்ய முடிந்த மரியாதை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அலுவலகத்துக்கும் ஒரு பாராமுகம் உண்டு. கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துக் கதை. லண்டனில் வீடு கிடைக்காமல் அங்கே அனுப்பப்பட்ட கேட்டி, இரண்டு பிள்ளைகளின் தாய். புது ஊரில் பஸ் மாறி அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறாள். உதவித்தொகை வெட்டு. விதி அப்படி. கவுண்டரில் இருக்கிறவர் குரலை உயர்த்துவதுகூட இல்லை. பிறகு இலவச உணவு கொடுக்கும் இடத்தில், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பல நாள் பட்டினி கிடந்தவள், அலமாரி ஓரத்தில் ஒரு தகர டப்பாவை உடைத்து உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்கிறாள். அடுத்த நொடியே கூனிக் குறுகி அழுகிறாள். அங்கே வேலை செய்யும் பெண்கள் ஓடிவந்து அணைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காட்சியில் லோச் கேமராவை அவள் முகத்தருகே கொண்டுபோகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, அவள் மானத்தைக் காப்பாற்றுகிறார். அதே படத்தில் கேட்டியின் மகள், தன் ஷூ பிய்ந்துபோனதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள் என்கிறாள். மறுபடி செருப்பு.

இது தற்செயல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நடந்தே வேலைக்குப் போகிறவளுக்கு முதலில் தேய்வது கால்தான். முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்ளலாம், காலை மறைக்க முடியாது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ரங்கநாதன் தெரு துணிக்கடைகளில் நாள் முழுக்க உட்காராமல் நிற்கிறவர்களைப் பற்றிய படம். அதில் அஞ்சலி நடித்த கனி, வேலை போய்ப் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் இரவில் விபத்தில் கால்களை இழக்கிறாள். அந்தப் படத்தில் அடிக்கிற மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு, வில்லன் என்றே சொல்லலாம். ஆனால் என்னை உறுத்தியது அவர் இல்லை. கூட்டம் கூட்டமாக வந்து, விரித்துக் காட்டிய புடவையை மட்டும் பார்த்து, விரித்த பெண்ணைப் பார்க்காமல் போகிற வாடிக்கையாளர்கள். தீபாவளிக்கு அந்தத் தெருவில் நானும் துணி எடுத்திருக்கிறேன்.

எதில் ஏமாறக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தைத் தியாகமாக மாற்றி மாலை போடும் படங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "எங்கம்மா பட்டினி கிடந்து வளர்த்தா" என்று நாயகன் உருகினால், அந்த அம்மா ஏன் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்த உருக்கத்திலேயே கரைந்துவிடும். கல்யாணம் ஆனதும் வறுமை தீர்ந்துபோகும் படங்களும் அப்படித்தான். அழுக்கையும் புண்ணையும் நெருங்கி நெருங்கிக் காட்டும் படங்கள் இன்னொரு வகை. அவற்றில் அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது என்ன, அவள் எதற்குச் சிரிப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் இயக்குநரும் அவளைப் பார்க்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'அவள் ஒரு தொடர்கதை'யிலிருந்து தொடங்கலாம், மொழி தடையில்லை. பிறகு கட்டக். 'ரோஸெட்டா'வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் பாருங்கள், சத்தத்தைக் கூட்டி வையுங்கள். கடைசிக் காட்சியில் அவள் ஒரு காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். முழுச் சிலிண்டர், கை மாற்றி மாற்றித் தூக்குகிறாள், மூச்சு வாங்குகிறது. ரிக்கே மொபெட்டில் வந்து அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான், அந்த இரைச்சல் காதைக் குடைகிறது. அவள் விழுகிறாள். மொபெட் நிற்கிறது. ஒரு கை வந்து தூக்குகிறது. அவள் திரும்பி அந்தக் கை வந்த பக்கம் பார்க்கிறாள், படம் அங்கேயே வெட்டப்படுகிறது. என் அத்தையோடு அதைப் பார்த்தபோது அவர் திரை இருண்ட பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த சிலிண்டர வீட்டுக்குக் கொண்டு போயிட்டாளா?"